டெஸ் தொலைநோக்கியின் தரவில் ஒரு கோளை நீங்களே கண்டெடுக்க: முழுமையான செய்முறை வழிகாட்டி

ஃபீனிக்ஸ் விண்மீன் குழுவில் வாஸ்ப்-18 என்று ஒரு விண்மீன் இருக்கிறது. சுமார் 400 ஒளியாண்டு தூரம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. 22 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளி ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் அப்படியே மங்கிக் கிடந்து, மறுபடி பழைய நிலைக்கு வரும். ஒரு கோள் அதன் முகத்துக்குக் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

2018 ஆகஸ்ட், செப்டம்பரில் டெஸ் விண்வெளித் தொலைநோக்கி இதைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தது. அந்தப் பதிவு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் உள்ள மாஸ்ட் காப்பகத்தில் இருக்கிறது. கணக்குத் திறக்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வானியல் ஆய்வு மாணவர் பயன்படுத்துவதும் அதே ஃபைல்தான், நீங்கள் பயன்படுத்தப் போவதும் அதேதான்.

இந்த வழிகாட்டி அந்த ஒரே விண்மீனை முதல் பிக்சலிலிருந்து கோளின் ஆரம் வரை கொண்டுபோகிறது. கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

விடை தெரிந்த விண்மீனிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்

பயிற்சிக்கு உட்காரும் பலருக்கும் முதல் நாளே புதுக் கோள் தேட ஆசை வரும். ஆசை நல்லதுதான். ஆனால் விடை தெரியாத விண்மீனில் வேலை செய்தால், தவறு எங்கே நடந்தது என்பது கடைசிவரை தெரியாது. கோள் தெரியவில்லை என்றால் அங்கே கோளே இல்லையா, அல்லது நீங்கள் அதை அழித்துவிட்டீர்களா? இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.

அழிப்பது என்று சொல்வது மிகையல்ல. தொலைநோக்கித் தரவைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு படியும் ஒரு கோளைத் துடைத்துவிடக்கூடியது. அதனால்தான் இங்கே ஒவ்வொரு படியிலும் முன்பும் பின்பும் படம் வரைந்து பார்க்கச் சொல்கிறேன். வாஸ்ப்-18-ஐச் சுற்றும் கோள் 2009-இல் அறிவிக்கப்பட்டது. அதன் சுற்றுக்காலம், அது கடக்கும்போது ஒளி குறையும் ஆழம், அதன் ஆரம் எல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் விடை அவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் எந்தப் படியில் பிசகியது என்று திரும்பிப் போய்த் தேடலாம். அந்தத் தேடல்தான் பயிற்சி.

டெஸ் எப்படிப் பார்க்கிறது

ஃபைலைத் திறக்கும் முன் கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள். தரவில் வரும் விசித்திரங்களில் பாதிக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

டெஸ் 2018 ஏப்ரல் 18 அன்று ஏவப்பட்டது. அதில் நான்கு கேமராக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் திறப்பும் வெறும் 10.5 செ.மீ. ஆனால் ஒவ்வொன்றும் 24 பாகை அகலமும் 24 பாகை உயரமும் உள்ள வானத்தை ஒரே நேரத்தில் பார்க்கும். நான்கும் சேர்ந்து பார்க்கும் நீண்ட பட்டையை 'செக்டர்' என்பார்கள். ஒரு செக்டரை ஏறக்குறைய 27 நாள் விடாமல் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பும்.

இவ்வளவு அகலமாகப் பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). முழு நிலவே அதில் சுமார் 85 பிக்சல் அகலம்தான் வரும். ஹப்பிளின் ஏசிஎஸ் கேமராவில் ஒரு பிக்சல் 0.05 விகலை. ஆகவே டெஸ்ஸின் ஒரே பிக்சலுக்குள் பல விண்மீன்கள் அடைந்து கிடக்கலாம். பின்னால் பொய்க் கோள்களைப் பற்றிப் பேசும்போது இதற்கு மறுபடி வருவோம்.

பூமியை ஒரு சுற்றுச் சுற்ற டெஸ்ஸுக்கு 13.7 நாள் ஆகிறது. ஒரு செக்டருக்கு இரண்டு சுற்று. பூமிக்கு அருகே வரும்போது அதுவரை சேர்த்த தரவைக் கீழே அனுப்பும்; அந்த நேரத்தில் விண்மீனைப் பார்க்காது. உங்கள் வரைபடத்தின் நடுவே ஒரு வெற்றிடம் தெரிந்தால் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பூமியின் ஒளியும் நிலவின் ஒளியும் கேமராவுக்குள் சிதறி விழும் நாட்களும் உண்டு. செக்டர் தொடக்கத்திலோ வெற்றிடத்தை ஒட்டியோ ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) திடீரென்று மேலே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சிதறல் ஒளியைத்தான்.

முன்கூட்டித் தேர்ந்தெடுத்த விண்மீன்களுக்கு 2 நிமிடத்துக்கு ஓர் அளவு கிடைக்கும். முழுப் படங்கள் முதல் இரண்டு ஆண்டில் 30 நிமிடத்துக்கு ஒன்று வந்தன. பிறகு 10 நிமிடமாகி, 2022-க்குப் பின் 200 நொடியாகிவிட்டது. வாஸ்ப்-18-க்கு 2 நிமிடத் தரவு இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

கருவிகளைத் தயார் செய்தல்

கணினி பழையதாக இருந்தாலும் கவலை இல்லை. உலாவியிலேயே பைத்தான் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் ஒரு புது நோட்புக் திறந்து, அதில் 'லைட்கர்வ்' என்ற பைத்தான் தொகுப்பை நிறுவுங்கள். அது தனக்குத் தேவையான ஆஸ்ட்ரோபை, நம்பை, மேட்பிளாட்லிப் எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொண்டு வரும். டெஸ்ஸுக்கு முன் கோள் தேடிய கெப்ளர் தொலைநோக்கி, டெஸ் இரண்டின் தரவையும் கையாள்வதற்காகவே எழுதப்பட்ட தொகுப்பு அது; பெயரில் உள்ள 'கர்வ்' ஆங்கிலத்தில் வழக்கமான c-யில் அல்ல, k-யில் தொடங்கும் (lightkurve), எழுத்துக்கூட்டைச் சரிபார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

நிறுவியதும் முதல் கட்டத்திலேயே தொகுப்பின் பதிப்பு எண்ணை அச்சிட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நோட்புக் வேறு விடை தந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்தான்.

படி 1: தேடி இறக்குதல்

லைட்கர்வின் தேடல் கட்டளைக்கு விண்மீனின் பெயரைக் கொடுத்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். இங்கேதான் பலர் குழம்பிப்போவார்கள். ஒரே விண்மீனுக்கு, ஒரே செக்டருக்கு, பல வரிகள் இருக்கும். காரணம், ஒரே பிக்சல்களை எடுத்துப் பல குழுக்கள் தனித்தனியாக ஒளிவளைவு செய்திருக்கிறார்கள். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஓடும் அதிகாரபூர்வ மென்பொருள் வரிசைக்கு 'ஸ்பாக்' என்று பெயர். எம்ஐடியில் முழுப் படங்களிலிருந்து செய்யும் வளைவுகள் 'க்யூஎல்பி' என்ற பெயரில் வரும். இன்னும் சில இருக்கும்.

முதல் முறைக்கு ஆசிரியர் 'ஸ்பாக்', கால இடைவெளி 120 நொடி, செக்டர் 2 என்று மூன்றையும் கட்டளையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். பட்டியல் ஒரே வரியாகச் சுருங்கும். பட்டியலின் முதல் வரி எதுவோ அதை அப்படியே இறக்குவது மோசமான பழக்கம். நாளை காப்பகத்தில் புது வரி சேர்ந்தால் உங்கள் நோட்புக் சத்தமில்லாமல் வேறு தரவை எடுத்துவிடும்.

இரண்டு ஃபைல்களை இறக்குங்கள். ஒன்று ஒளிவளைவு ஃபைல்: நேரமும் ஒளி அளவும் எண்களாக இருக்கும், ஓரிரு எம்பிதான். இன்னொன்று பிக்சல் ஃபைல்: விண்மீனைச் சுற்றியுள்ள சிறு சதுரத்தின் படம் 2 நிமிடத்துக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், பல பத்து எம்பி வரும். இரண்டும் ஃபிட்ஸ் வடிவத்தில் இருக்கும். வானியலில் ஏறக்குறைய எல்லாத் தரவும் இந்த வடிவத்தில்தான் வரும். ஃபிட்ஸின் தலைப்புப் பகுதியில் விண்மீனின் வெப்பநிலை, ஆரம், பிரகாசம், எந்த கேமரா என்பதெல்லாம் எழுதியிருக்கும். அதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் நேரம் 1354, 1380 என்று வரும். வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் ஜூலியன் நாள் எண்ணிலிருந்து 2457000-ஐக் கழித்த எண் அது. அதோடு, சூரிய மண்டலத்தின் நிறை மையத்தில் இருந்து பார்த்தால் எப்போது தெரியுமோ அந்த நேரமாகத் திருத்தப்பட்டிருக்கும். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீனின் ஒளி வருவது எட்டு நிமிடம் வரை முன்பின் ஆகும். இந்தத் திருத்தம் இல்லாமல் இரண்டு ஆண்டுத் தரவை ஒன்றாக வைத்தால், கோள் கடக்கும் நேரம் தானாக நகர்வதுபோலத் தெரியும். இல்லாத இரண்டாவது கோள் ஒன்று இழுக்கிறது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

படி 2: முதலில் பிக்சலைப் பாருங்கள்

ஒளிவளைவு தயாராக இருக்கும்போது பிக்சல் எதற்கு என்று தோன்றும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போனவர்கள் பிறகு இங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

பிக்சல் ஃபைலின் ஒரு சட்டத்தை, அதாவது ஒரு நேரத்துப் படத்தை, வரையுங்கள். 11-க்கு 11 சதுரம், நடுவில் ஒரு பிரகாசமான திட்டு. ஸ்பாக் எந்தப் பிக்சல்களைக் கூட்டி ஒளிவளைவு செய்தது என்பதை அதன் மேலேயே காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிக்சல் தொகுதியை 'அப்பர்ச்சர்' என்கிறார்கள். அதற்குள் இன்னொரு திட்டு எட்டிப் பார்க்கிறதா? ஓரத்தில் வேறு பிரகாசமான விண்மீன் இருக்கிறதா? பிறகு சில நூறு சட்டங்களுக்கு ஒன்றாக வரைந்து ஓடவிடுங்கள். சில சமயம் ஒரு சிறுகோள் மெல்ல ஊர்ந்து சதுரத்தைக் கடப்பதைக் காணலாம். அது அப்பர்ச்சருக்குள் நுழைந்தால் ஒளிவளைவில் ஒரு மேடு வரும். பின்னணி ஒளியைக் கழிக்கும் பிக்சல்களில் நுழைந்தால் ஒரு குழி வரும், பார்க்க அசல் கோள் போலவே இருக்கும்.

ஃபிட்ஸ் தலைப்பில் 'கிரவுட்சாப்' என்று ஓர் எண் இருக்கும். அப்பர்ச்சருக்குள் விழும் ஒளியில் எத்தனை பங்கு உங்கள் விண்மீனுடையது என்பது அது. 1-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 0.6 என்றால் உள்ளே இருக்கும் ஒளியில் நாற்பது சதவீதம் அக்கம்பக்கத்து விண்மீன்களுடையது என்று பொருள்.

படி 3: இரண்டு வளைவுகள், ஒரு தேர்வு

ஒளிவளைவு ஃபைலில் இரண்டு முக்கியமான பத்திகள் உண்டு. 'சாப்' என்பது அப்பர்ச்சரில் உள்ள பிக்சல்களைக் கூட்டிப் பின்னணியைக் கழித்த எண். 'பிடிசிசாப்' என்பது அதிலிருந்து கருவியின் தடுமாற்றங்களை நீக்கி, பக்கத்து விண்மீன்களின் ஒளியையும் கழித்த எண். ஒரே கேமராவில் உள்ள பல விண்மீன்கள் ஒன்றுபோல ஏறி இறங்கினால் அது கருவியின் வேலையாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் இந்தத் திருத்தம் நடக்கிறது.

இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரையுங்கள். வாஸ்ப்-18-இல் இரண்டிலுமே குழிகள் கண்ணுக்குத் தெரியும். கோள் தேடுவதற்கு பிடிசிசாப் போதும், பெரும்பாலும் நல்லதும் கூட. ஆனால் மெதுவாகச் சுழலும் விண்மீனின் கரும்புள்ளிகளைப் பற்றி ஆராய்கிறீர்கள் என்றால் பிடிசிசாப் அந்த நீண்ட ஏற்ற இறக்கத்தைக் கருவியின் தவறு என்று நினைத்துத் துடைத்திருக்கலாம். எது சுத்தமாகத் தெரிகிறதோ அதை எடுக்காதீர்கள். உங்கள் கேள்விக்கு எது பொருந்துமோ அதை எடுங்கள்.

படி 4: சுத்தம் செய்தல்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

முதலில் வெற்று எண்கள் உள்ள வரிகளை நீக்குங்கள். அப்புறம் தரக்குறியீடுகளைப் பாருங்கள். தொலைநோக்கியின் சுழல் சக்கரங்களில் சேரும் வேகத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை உந்துவிசையால் கழற்றிவிடுவார்கள். அந்த நிமிடங்களில் படம் அசையும். அப்படிப்பட்ட வரிகளுக்கு ஃபைலில் ஒரு எச்சரிக்கை எண் இருக்கும். லைட்கர்வ் பெரும்பாலானவற்றைத் தானே விலக்கிவிடும். எத்தனை வரிகள் போயின என்று எண்ணிப் பாருங்கள். 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 27 நாளுக்கு 20,000-க்குச் சற்றுக் குறைவான வரிகள் இருக்க வேண்டும். வெற்றிடத்தைக் கழித்தால் 18,000 சொச்சம் மிஞ்சும். அதைவிட மிகக் குறைவாக இருந்தால் எதையோ தேவையில்லாமல் வெட்டியிருக்கிறீர்கள்.

அடுத்து, எல்லா எண்களையும் நடு மதிப்பால் வகுங்கள். இப்போது விண்மீனின் சாதாரண ஒளி 1 என்று ஆகிவிடும். குழியின் அடி 0.99-ஐ ஒட்டி வரும்.

அடுத்தது ஒட்டாத புள்ளிகளை நீக்குவது. இங்கே முதல் பொறி. இருபுறமும் 3 சிக்மாவுக்கு (சிக்மா என்பது புள்ளிகளின் வழக்கமான சிதறல் அளவு) வெளியே இருப்பதை வெட்டு என்று சொன்னால், கோள் கடக்கும் நேரத்துப் புள்ளிகளும் சேர்ந்து போய்விடும். கணினிக்கு அவை வெறும் ஒட்டாத புள்ளிகள்தான். மேல்பக்கத்தை மட்டும் வெட்டுங்கள், கீழ்ப்பக்கத்தைத் தொடாதீர்கள். விண்மீன் திடீரென்று ஒளிர்வதில் நமக்கு இப்போது அக்கறை இல்லை, மங்குவதில்தான் அக்கறை.

இரண்டாவது பொறி இன்னும் பெரியது. நீண்ட ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்ய 'ஃப்ளாட்டன்' என்ற கட்டளை உண்டு. அது ஒரு நகரும் சாளரத்தை எடுத்து, அதற்குள் இருக்கும் புள்ளிகளின் ஊடே ஒரு மென்மையான வளைவை வரைந்து, அந்த வளைவால் வகுத்துவிடும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சாளரத்தின் அகலம் 101 புள்ளிகள். 2 நிமிடத் தரவில் அது 3 மணி 22 நிமிடம். நம் கோள் கடக்க எடுப்பது 2 மணி 10 நிமிடம் அளவு. சாளரம் குழியைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்பதால், மென்மையான வளைவு குழிக்குள்ளேயே இறங்கிவிடும். வகுத்ததும் குழி பாதி மூடிக்கொள்ளும், இருபக்கமும் போலியான மேடுகள் எழும். ஒரு பிழைச் செய்தியும் வராது. வரைபடம் அழகாகக்கூட இருக்கும்.

இதை வாசித்துவிட்டுப் போகாமல் செய்து பாருங்கள். ஒருமுறை 101 வைத்து, இன்னொரு முறை 601 வைத்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். 601 என்றால் சுமார் 20 மணி நேரம், குழியைப் போல ஒன்பது மடங்கு. குழியின் ஆழம் எவ்வளவு மாறுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோளின் கடப்பு நேரம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் புள்ளிகளுக்கு முகமூடி போட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் வைத்து வளைவை வரையச் சொல்வது இன்னும் நல்லது. தெரியாத கோளைத் தேடும்போது சாளரம் எதிர்பார்க்கும் குழியைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கட்டும்.

படி 5: சுற்றுக்காலத்தைக் கண்டுபிடித்தல்

குழிகள் கண்ணுக்கே தெரிகின்றனவே, அடுத்தடுத்த இரண்டின் இடைவெளியை அளந்தால் போதாதா? வாஸ்ப்-18-க்குப் போதும். பூமி அளவுள்ள கோளுக்குப் போதாது. பூமி சூரியனைக் கடக்கும்போது பத்து லட்சத்தில் 84 பங்கு ஒளிதான் மறைகிறது. அப்படிப்பட்ட குழிகள் இரைச்சலுக்குள் புதைந்திருக்கும். பல குழிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால்தான் வெளியே வரும்.

அதற்காக கோவாக்ஸ், சூக்கர், மாசே மூவரும் 2002-இல் வெளியிட்ட முறையின் பெயர் பெட்டிப் பொருத்தம். தொகுப்பில் 'பிஎல்எஸ்' என்று இருக்கும். யோசனை எளியது. ஒரு சுற்றுக்காலத்தை ஊகித்து, அந்தக் கால அளவில் வளைவை மடித்து, ஒரு பெட்டி வடிவக் குழி எங்காவது பொருந்துகிறதா என்று பார்க்கும். ஆயிரக்கணக்கான ஊகங்களுக்கு இதைத் திரும்பச் செய்து, எது நன்றாகப் பொருந்துகிறது என்று ஒரு வரைபடம் தரும்.

0.5 நாள் முதல் 10 நாள் வரை, 10,000 ஊகங்கள், குழியின் அகலம் 0.05 நாளும் 0.1 நாளும் என்று கொடுங்கள். 0.94 நாளை ஒட்டி ஓர் உயரமான கோடு எழும். 1.88-இலும் 2.82-இலும் சிறிய கோடுகள் எழும். இவை புதிய கோள்கள் அல்ல. 0.94 நாளுக்கு ஒருமுறை நடப்பது 1.88 நாளுக்கு ஒருமுறையும் நடக்கத்தானே செய்யும்.

சரி, 0.94 கிடைத்துவிட்டது. இதோடு நிறுத்தாதீர்கள். 9.5 நாளை 10,000-ஆகப் பிரித்தால் ஒரு படி 82 நொடி. ஒரு சுற்றுக்கு 82 நொடி தவறினால் 28 சுற்றில் 38 நிமிடம் தவறும். மடிக்கும்போது குழிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் விலகி, விளிம்புகள் மழுங்கிவிடும். ஆகவே இரண்டாம் முறை 0.93-க்கும் 0.95-க்கும் நடுவே மட்டும், 0.00001 நாள் படியில் தேடுங்கள். 0.9414, 0.9415 என்ற அளவில் விடை வர வேண்டும்.

படி 6: மடித்து, அளந்து, ஆரம் காணுதல்

இந்தச் சுற்றுக்காலத்தை 'ஃபோல்ட்' கட்டளைக்குக் கொடுங்கள். செக்டர் முழுவதும் சிதறிக் கிடந்த குழிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து அமரும். எத்தனை முறை செய்தாலும் இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம் வரத்தான் செய்கிறது. 400 ஆண்டுக்கு முன்பு கிளம்பிய ஒளியில், கண்ணால் யாரும் பார்க்காத ஓர் உலகத்தின் நிழல் அது.

குழியின் அடி தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல மெல்ல வளைந்திருப்பதைக் கவனியுங்கள். விண்மீனின் வட்டு ஓரத்தில் மங்கலாகவும் நடுவில் பிரகாசமாகவும் இருப்பதால், நடுவைக் கடக்கும்போது கோள் கூடுதல் ஒளியை மறைக்கிறது.

ஆழம் சுமார் 0.0095 என்று வைத்துக்கொள்வோம். மறைந்த ஒளியின் பங்கு, கோளின் வட்டுப் பரப்புக்கும் விண்மீனின் வட்டுப் பரப்புக்கும் உள்ள விகிதம். ஆரங்களின் விகிதம் வேண்டுமென்றால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.0975 வரும். விண்மீனின் ஆரம் சூரியனைப் போல சுமார் 1.26 மடங்கு. பெருக்கினால் 0.123 சூரிய ஆரம். சூரியனின் ஆரம் வியாழனுடையதைப் போல 9.73 மடங்கு என்பதால், கோளின் ஆரம் வியாழனைப் போல ஏறக்குறைய 1.2 மடங்கு. ஆய்விதழ்களில் வந்த மதிப்பும் இதை ஒட்டியதே.

இந்தக் கணக்கில் நீங்கள் அளந்தது விகிதத்தை மட்டும். விண்மீனின் ஆரத்தை வேறு யாரோ அளந்து தந்தார்கள். அது பத்து சதவீதம் பிசகினால் உங்கள் கோளின் ஆரமும் பத்து சதவீதம் பிசகும், உங்கள் ஒளிவளைவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும். விண்மீனை அறிந்த அளவுக்குத்தான் கோளை அறிய முடியும்.

ஓர மங்கலையும் கணக்கில் எடுத்துச் சரியாகப் பொருத்த 'பேட்மேன்' என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. லாரா கிரைட்பெர்க் 2015-இல் வெளியிட்டது. இந்தப் படி முடிந்த பிறகு அதைக் கற்றுக்கொள்ளலாம்.

படி 7: இது கோள்தானா?

வாஸ்ப்-18-க்கு விடை தெரியும். ஆனாலும் தெரியாததுபோல இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். புதிய விண்மீனில் குழி கண்டதும் நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் கைப்பழக்கம்தான் உதவும்.

முதல் சோதனை ஒற்றை, இரட்டை. குழிகளுக்கு வரிசை எண் போட்டு, ஒற்றை எண்களைத் தனியாகவும் இரட்டை எண்களைத் தனியாகவும் மடியுங்கள். ஆழம் வேறுபட்டால் அது கோள் அல்ல. ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு விண்மீன்கள். உண்மையான சுற்றுக்காலம் நீங்கள் கண்டதைப்போல இரு மடங்கு.

இரண்டாவது, அப்பர்ச்சரை மாற்றிப் பார்ப்பது. பிக்சல் ஃபைலில் இருந்து நடுவில் உள்ள நான்கு பிக்சலை மட்டும் கூட்டி ஒரு வளைவு, பெரிய தொகுதியைக் கூட்டி இன்னொரு வளைவு. அப்பர்ச்சர் பெருகப் பெருகக் குழி ஆழமாகிக்கொண்டே போனால், மங்குவது உங்கள் விண்மீன் அல்ல, ஓரத்தில் உள்ள வேறொன்று. 21 விகலைப் பிக்சலின் தொல்லை இதுதான். அதே இடத்தை கையா செயற்கைக்கோளின் விண்மீன் பட்டியலில் தேடி, ஓரிரு பிக்சல் தூரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது சோதனையை டெஸ்ஸால் செய்யவே முடியாது. வியாழனின் அளவுள்ள ஒரு பொருள் கோளாக இருக்கலாம், பழுப்புக் குள்ளனாக (விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத பொருள்) இருக்கலாம், மிகச் சிறிய விண்மீனாகக்கூட இருக்கலாம். மூன்றின் ஆரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறை தெரிந்தால்தான் பிரிக்க முடியும். அதற்குத் தரையில் உள்ள தொலைநோக்கியில் நிறமாலை எடுத்து, விண்மீன் முன்னும் பின்னும் ஆடும் வேகத்தை அளக்க வேண்டும். வாஸ்ப்-18-இன் கோளை அப்படி அளந்தபோது வியாழனைப் போல சுமார் 10 மடங்கு நிறை என்று தெரிந்தது. வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடலுக்குள் பத்து வியாழன் எடை.

படி 8: கோளின் ஒளியைப் பார்த்தல்

பெரும்பாலான பயிற்சிகள் படி 6-லேயே முடிந்துவிடுகின்றன. அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் இதே ஃபைலில் இன்னும் அபூர்வமான ஒன்று இருக்கிறது.

இந்தக் கோள் விண்மீனுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் பகல் பக்கம் சுமார் 2,700 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, தானே ஒளிர்கிறது. கோள் விண்மீனுக்குப் பின்னால் போய் மறையும்போது அந்த ஒளி மட்டும் காணாமல் போகும். அந்தக் குழியின் ஆழம் பத்து லட்சத்தில் சுமார் 340 பங்கு. ஒரு தனிப் புள்ளியின் சிதறலே இதைவிடப் பெரியது, அதனால் சாதாரண வரைபடத்தில் எதுவும் தெரியாது.

இப்போது ஃப்ளாட்டன் செய்யாத பிடிசிசாப் வளைவுக்குத் திரும்புங்கள். இங்கே ஃப்ளாட்டன் கூடவே கூடாது. 0.94 நாளில் மெல்ல ஏறி இறங்கும் சமிக்ஞையைத்தான் தேடுகிறோம். அதைத்தான் அந்தக் கட்டளை துடைக்கும். செக்டர் முழுவதும் நீளும் சரிவு இருந்தால், டெஸ்ஸின் ஒவ்வொரு 13.7 நாள் சுற்றுக்கும் ஒரு நேர்கோட்டை மட்டும் பொருத்தி வகுத்துக்கொள்ளுங்கள். அதே சுற்றுக்காலத்தில் மடியுங்கள். பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகப் புள்ளிகளைச் சராசரி எடுங்கள். ஒரு சுற்றுக்கு சுமார் 136 கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் விழும். நூறு புள்ளிகளின் சராசரியில் சிதறல் பத்தில் ஒன்றாகக் குறையும். இப்போது செங்குத்து அச்சை 0.999 முதல் 1.001 வரை என்று சுருக்குங்கள்.

பெரிய குழியிலிருந்து சரியாக அரைச் சுற்று தள்ளி, ஒரு சிறு பள்ளம் தெரியும். கோள் மறைந்து மீள்கிறது. அதன் இருபக்கமும் வளைவு இரண்டு முறை மெல்ல உப்பியிருப்பதும் தெரியும். பத்து வியாழன் நிறை விண்மீனை இழுத்து முட்டை வடிவமாக்குகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது பரப்பு கூடுதலாகத் தெரிவதால் ஒளியும் சற்றுக் கூடுகிறது. 10.5 செ.மீ. திறப்புள்ள ஒரு கேமரா இதைப் பதிவு செய்திருக்கிறது. இதே கோளின் பின்மறைவை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் அளந்துதான் அதன் வளிமண்டலத்தில் நீராவி இருப்பதை 2023-இல் வெளியிட்டார்கள்.

பள்ளம் தெரியவில்லை என்றால் மூன்றைச் சரிபாருங்கள்: சுற்றுக்காலம் நான்கு தசம இடத்துக்குச் சரியா, எங்காவது ஃப்ளாட்டன் நுழைந்துவிட்டதா, சிதறல் ஒளி உள்ள நாட்களை விலக்கினீர்களா. அப்புறம் செக்டர் 3-இன் தரவையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த விண்மீன்

இரண்டாவதாக பை மென்சே. வெறும் கண்ணுக்கே தெரியும் விண்மீன், ஆனால் தெற்கு வானத்தின் கோடியில் இருப்பதால் தமிழ்நாட்டிலிருந்து பார்க்க முடியாது. டெஸ் கண்டுபிடித்து அறிவித்த முதல் கோள் இதைத்தான் சுற்றுகிறது: பூமியைப் போல இரு மடங்கு ஆரம், சுற்றுக்காலம் 6.27 நாள், குழியின் ஆழம் பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கு. செக்டர் 1-இல் எடுங்கள். விண்மீன் மிகப் பிரகாசமானது என்பதால் பிக்சல்கள் நிரம்பி வழிந்து செங்குத்தான கோடுகளாக நீண்டிருக்கும். அப்பர்ச்சர் அந்தக் கோடுகளின் நுனிவரை போகிறதா என்று பாருங்கள். அந்த செக்டரில் 1347 முதல் 1349 வரையிலான நாட்களில் தொலைநோக்கியின் குறி நடுங்கியது, அங்கே இரைச்சல் கூடுதலாக இருக்கும். அந்த நாட்களை வைத்துக்கொண்டு ஒருமுறையும் விலக்கிவிட்டு ஒருமுறையும் பிஎல்எஸ் ஓட்டி, இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால், மாஸ்ட் காப்பகத்தை நடத்தும் பால்ட்டிமோர் நிறுவனம் அதன் தரவுக்கான பயிற்சி நோட்புக்குகளையும் ஜேம்ஸ் வெப்புக்கான இணையப் பயிற்சி வகுப்புகளின் பதிவுகளையும் இலவசமாக வைத்திருக்கிறது. எக்ஸ் கதிர், புற ஊதா பக்கம் போக விரும்பினால், 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட்டின் தரவு இருக்கிறது. அதைக் கையாளக் கற்றுத்தர புனேயில் உள்ள வானியல் ஆய்வு நிறுவனமான ஐயூக்காவில் ஓர் உதவி மையமும் உண்டு. அங்கே ஃபைல்களின் பெயர்களும் கட்டளைகளும் வேறாக இருக்கும். முதல் நாள் வேலை மட்டும் மாறாது: விடை தெரிந்த ஒரு பொருளை எடுத்து, தலைப்பைப் படித்து, பச்சைத் தரவைப் படமாக வரைந்து பார்ப்பது.